சின்னம்மாவின் அடம்பங்கொடி

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. விதை போட்ட மறுநாளே தோண்டிப் பார்க்கிற ரகம்.

சுதந்திரம் வந்த புதிது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊர். அந்த வருஷம் கொல்லைப் பூசணியில் பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தது. கண் பட்டுவிட்டது என்று அய்யா புள்ளி வைத்த பானையைக் கவிழ்த்து வைத்தார். அய்யாவின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்த சின்னம்மாவோ, வண்டு வராததுதான் குறை என்றார். அவர் பிறந்தது திருப்பாலைக்குடி. அங்கே கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடியின் ஊதாப் பூவில் விடிந்தால் வண்டு மொய்க்குமாம். ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் நிற்குமாம். தாய்வீடு போய்த் திரும்பியபோது ஈரச்சாக்கில் நாலு துண்டு கொண்டுவந்து பூசணியை ஒட்டி நட்டார்.

கணவரின் அண்ணனிடம் சின்னம்மா நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. பக்கத்தில் நின்றாலும் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

"தை பொறக்குறதுக்குள்ள பூக்கலேன்னா பிடுங்கிருவேன்னு ஒஞ்சின்னம்மாட்ட சொல்லு" என்றார் அய்யா.

"பூத்துரும்னு சொல்லுத்தா" என்றார் சின்னம்மா.

மார்கழி பாதி போயிற்று. இலைதான் விட்டது. சின்னம்மா விடியுமுன் கொல்லைக்கு ஓடுவார், முகம் வாடித் திரும்புவார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கடலோரக் கொடிக்கு நம் கிணற்றுத் தண்ணீர் எப்படிப் பிடிக்கும் என்று என் மூளை வேலை செய்தது. உப்புப் பானையிலிருந்து கைகையாக அள்ளிக் குடத்தில் கரைத்து, ஆளில்லாத மத்தியானமாகப் பார்த்து நாலு நாள் ஊற்றினேன்.

கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூசணி பட்டுப்போனது.

"இந்தக் கடக்கொடி வெள்ளாமையவே தின்னுருச்சு" என்று அய்யா குதித்தார்.

சின்னம்மா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். வளர்ந்த பொம்பளை மண் தின்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"நாந்தான் பக்குவந் தெரியாம நட்டுட்டேன்னு அய்யாட்ட சொல்லுத்தா" என்றார்.

அப்படியே ஒப்பித்தேன். சின்னம்மா தன் கையாலேயே கொடியை வேரோடு இழுத்தார். இலைக்கடியில் இரண்டு மொட்டு இருந்தது.

அப்பாடா என்று விளையாட ஓடிவிட்டேன். அவர் நாக்கில் உப்புக் கரித்திருக்கும் என்பதோ, என் வாயை வைத்தே என்னைக் காப்பாற்றிவிட்டார் என்பதோ அன்று எனக்குத் தெரியாது.