மலையைக் கேட்டு ஊரைக் கண்டுபிடித்தார்கள்

இன்று காலை எழுந்ததும் முதலில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீஸ் டேட்டாவில் ஊர்ப் பெயர்கள் இல்லை, வெறும் எண்கள். எந்த எண் எந்த ஊர் என்று சொல்லும் லுக்அப் டேபிளை க்வெரியில் சேர்த்தேன். அடுத்த நொடி, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் ஊர் வந்து நின்றது.

எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலைதான். இன்னும் ஒரு கணம் கை நின்றுவிடுகிறது...

இதை நான் முதலில் பார்த்தது கம்ப்யூட்டரில் இல்லை.

எண்பதுகளில் ஒரு கார்த்திகை தீபத் திருநாள், மலையடிவாரத்தில் பெருங்கூட்டம். கற்பூரப் புகை, மழையில் நனைந்த மண், முகத்தில் உரசும் ஈரப் புடவைகள். அம்மாவின் கை நழுவிவிட்டது. எனக்கு ஐந்து வயது.

ஒரு போலீஸ்காரர் என்னைத் தூக்கிப்போய் மைக் பந்தலில் உட்கார வைத்தார். மைக் பிடித்திருந்த டீச்சர் கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

"பாப்பா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"எந்த ஊரு?"

"எங்க ஊரு."

போலீஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க ஊருலேர்ந்து வந்த அப்பா, பாப்பாவ வந்து கூட்டிக்கினு போங்கன்னு சொல்லிடுங்க டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. என்னை மலைப் பக்கம் திருப்பினார். "உங்க வூட்லேர்ந்து பார்த்தா மலை இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல. இது வேற மலை."

பந்தலே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முஷ்டியை மடக்கி, மேலே புடைத்த விரல் முட்டிகளைக் காட்டினேன். எங்கள் மலை அப்படித்தான்.

"காலைல சூரியன் எங்கேர்ந்து வரும்?"

"மலைக்குப் பின்னாடிலேர்ந்து."

"அப்போ வீடு மலைக்கு மேற்குப் பக்கம்," என்றார் டீச்சர். பந்தலில் ஒதுங்கியிருந்த ஒரு பூக்காரம்மா என் முஷ்டியைப் பார்த்தார். "எங்க ஊரு அடி அண்ணாமலைலேர்ந்து பார்த்தாதாங்க இந்த மலை இப்படி முட்டி முட்டியா தெரியும்."

மைக்கில் ஊர்ப் பெயரும் என் பச்சைப் பாவாடையும் ஒலித்தன. கொஞ்ச நேரத்தில் அம்மா ஓடி வந்தாள். முதுகில் ஓர் அடி, அப்புறம் மூச்சு முட்டும் அணைப்பு.

"ஊரு பேரு சொல்லத் தெரியாதாடி உனக்கு?"

பெயரே இல்லாத ஒரு குழந்தையை, ஒரு மலையின் வடிவத்தை வைத்து வீட்டில் சேர்த்துவிட்டார்கள். இன்றுவரை எந்த டேபிளும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

இப்போது அம்மா சென்னையில் என்னோடு இருக்கிறாள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, என் பெயர் உட்பட. போன வாரம் டாக்டர் கேட்டார், "எந்த ஊரும்மா நீங்க?"

"எங்க ஊரு," என்றாள் அம்மா. பிறகு மெல்ல முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளை மேலே காட்டினாள்.

டாக்டருக்குப் புரியவில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை, ஆபீஸிலும் சொல்லவில்லை... மலை அப்படித் தெரிகிற ஒரு வாசலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். நானும் அங்கேயே இருந்துவிடுவேன்.