சக்கரம் மாட்டிக் கொடுத்தவர்

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் அவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்த சின்னவள் அதையும் பாதியாக நறுக்கி "மெக்கு" ஆக்கிவிட்டாள். அவள் அவர் பெற்ற பிள்ளை இல்லை. தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடி அந்த வீட்டுக்குள் வந்தவள். "அப்பான்னு கூப்பிடப் பழக்க வேண்டாம், பின்னாடி குழப்பம்" என்று தாய் முதல் வாரமே சொல்லிவிட்டாள். பின்னாடி என்றால் எப்போது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாக்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், மெக்கு உலகத்துக்கே ஒருவர்தான் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டார்.

சமையலறை ஓரத்தில் ஒரு பழைய மெஷின் இருந்தது. யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்டதை அவர் சரிசெய்து கொண்டுவந்தது. துவைத்து முடித்ததும் ஒரு பாட்டு பாடும். பாட்டு வரும் நேரம் பார்த்துச் சின்னவள் தன் பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்றுகொள்வாள். இடுப்பில் கை வைத்து அவள் ஆட, ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் ஆடுவார். தாய் கதவில் சாய்ந்து, "ரெண்டு பைத்தியத்தைக் கட்டி மேய்க்கிறேன்" என்பாள்.

சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார் அவர். அப்படிப்பட்ட காதுக்கு வீட்டுக்குள் மாறிய ஒரு சத்தம் மட்டும் எட்டவில்லை. "நாம சனிக்கிழமை கடைக்குப் போலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்த தாய், "நாங்க சனிக்கிழமை கொஞ்சம் வெளிய போறோம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். நம்ம துணி எங்க துணி ஆயிற்று. நாம என்றால் கேட்பவனும் உள்ளே. நாங்க என்றால் கேட்பவன் வாசலுக்கு வெளியே. பேச்சு வந்த குழந்தைக்கே தெரிந்த கணக்கு அது. மெக்கானிக் ஏதோ மோட்டாரைப் பிரித்துக்கொண்டு "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

அதே நாட்களில்தான் அடுத்த தெருவிலிருந்த அவருடைய அக்கா ஒரு பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் கழன்றிருந்தது. "எங்கக்கா பயணம்?" என்று கேட்டார். "சும்மா, பரண்ல கிடந்தது" என்றாள். மெஷினுக்கு வைத்திருந்த நல்ல உருளை ஒன்றை எடுத்து மாட்டி, எண்ணெய் விட்டு, கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டிக் காட்டினார். சின்னவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து சவாரி போனாள். "குழந்தை கனத்தையே தாங்குது பாரு" என்றார் மெக்கானிக். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது வீடு கூட்டிப் பெருக்கியிருந்தது. அலமாரியில் அவர் சட்டைகள் மட்டும், இடம் தாராளமாகக் கிடைத்த மாதிரி, தள்ளித் தள்ளித் தொங்கின. குளியலறையில் ஒற்றைப் பிரஷ். முக்காலி மட்டும் மெஷின் பக்கத்தில் அப்படியே இருந்தது. போன் அடித்துப் பார்த்தார், அணைத்திருந்தது. அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. உட்காரச் சொல்லி, மூடி வைத்திருந்த தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். அவருக்கென்று போட்டு வைத்திருந்த சாப்பாடு. அதைப் பார்த்த பிறகுதான் அவர் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தார். சூட்கேஸ் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

குழந்தையின் அப்பா திரும்பக் கூப்பிட்டாராம், தனி வீடு பார்த்திருக்கிறாராம் என்று அக்கா தட்டைப் பார்த்தே சொன்னாள். தம்பியிடம் சொல்லாமல் சூட்கேஸைக் கொடு என்று அவள் அழுது, காலில் விழாத குறையாகக் கேட்டாளாம். "உன்கிட்ட சொன்னா நீ விட்டிருப்பியா? குழந்தைக்குன்னு ஒரு அப்பா வேணும்ல. நாங்க ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தான்டா…"

நாங்க. இந்த முறை காதில் விழுந்தது. கூடப் பிறந்தவளும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தாள். அவர் தட்டைத் தொடாமல் எழுந்து வந்தார்.

அதன் பிறகு வேலைக்குப் போனார், வந்தார். கூட வேலை பார்ப்பவர்கள், தாலி கட்டினவளா, பெத்த பிள்ளையா, தலை முழுகிட்டு வேலையைப் பாரு என்றார்கள். பெண்டாட்டி போய்விட்டாள் என்று சொல்ல முடியவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. ஊரார் துணி துவைக்க வழி செய்துவிட்டு, தன் சட்டையை வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்கினார். மெஷினைப் போட்டால் அது பாடிவிடும். ஒரு தடவை குழந்தையின் குரலைக் கேட்டால் போதும், தன்னை அது எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். காதில் வைத்திருந்த போனை எதுவும் சொல்லாமல் நீட்டினாள்.

"மெக்கு! நம்ம மெஷின் இன்னும் பாடுதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போனில் பின்னாலிருந்து, அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல், கோபமே இல்லாமல், எழுத்துப்பிழை திருத்துவது போலச் சொன்னது: "நம்மன்னு சொல்லாதடி. உங்க மெஷின்னு சொல்லு."

பிறகு குழந்தை, நல்ல பிள்ளையாக, "உங்க மெஷின் பாடுதா?" என்றது.

"பாடுது பாப்பா" என்றார். "நம்ம மெஷின் நல்லாத்தான் பாடுது."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான்தான் கெஞ்சிப் பேச வைத்தேன் என்றாள். மெக்கானிக் வாளியிலிருந்த சட்டைகளைப் பிழிந்து எடுத்து மெஷினுக்குள் போட்டார். பொத்தானை அழுத்திவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த உயரத்துக்கு முழங்கால் மார்பை இடித்தது.

"நீ கிளம்புக்கா. துணி துவைக்கணும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் திரும்பாமலே சொன்னார்: "அந்த சூட்கேஸ் எப்பவாவது உன்கிட்ட திரும்பி வரும். சக்கரம் கழண்டிருந்தா வேற ஆளைப் பாத்துக்கோ."