நீல நூல் கட்டிய புட்டி

இது நடந்தது. ஆனால் என் நினைவு முழுக்கச் சரிதானா என்று எனக்கே சந்தேகம் உண்டு. புட்டிகள் மூன்றா, நான்கா என்று சில நாள் குழம்புவேன். நேரங்களில் குழப்பமில்லை. அவற்றை அன்றே டியூட்டி நோட்டில் எழுதிவிட்டேன். பால் சூடாக இருந்தது என்பதிலும் குழப்பமில்லை.

நான் நீலகிரியில் ஓர் ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியில் நர்ஸ். பால் அதிகம் சுரக்கும் தாய்மார்களிடம் வாங்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. தானமாக வரும் பாலைச் சூடுபடுத்தி, சோதித்து முடிக்க இரண்டு நாள் ஆகும். பெற்றவளின் பால் என்றால் உடனே கொடுக்கலாம். எதுவானாலும் பெயர், தேதி, நேரம் எழுதிய சீட்டு புட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

தெய்வம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவாள். ஏழாம் மாதத்திலேயே பெற்றுவிட்டாள். பெண் குழந்தை, தொள்ளாயிரத்து இருபது கிராம். தெய்வம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சீட்டு ஒட்டிய பிறகும், இலைச் சாக்கு தைக்கும் நீல நூலைப் புட்டியின் கழுத்தில் இரண்டு முடிச்சாகக் கட்டுவாள்.

"எழுத்து ஒங்களுக்கு மிஸ்ஸி. முடிச்சு எனக்கு."

ஆறாம் நாள் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மதியம் 1.15-க்கு ஆம்புலன்சில் கோவைக்கு அனுப்பினோம். கணவர் முத்துராஜும் கூடவே ஏறினார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என் கையைப் பிடித்தாள்.

"புள்ளைக்கு மாவுப்பால் குடுத்துறாதீங்க மிஸ்ஸி. நான் அனுப்பிருவேன்."

"முதல்ல நீ பொழச்சு வா" என்றேன்.

சோதித்து வைத்திருந்த பால் அன்று மாலை ஆறு மணி வரைக்குத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு, வழக்கம்போல் பால் வாங்க ஜீப்பில் கிளம்பினேன். கோத்தகிரி ரோடு முழுக்க மூடுபனி. டிரைவர் விஜயன் ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், பெட்டியக் கட்டிப்போட்டாச்சுங்க. என்னையக் கட்டிப்போட ஊட்ல ஆள் இருக்குது."

நான்கு வீடுகள். ஒன்பது புட்டிகள். கடைசி வீட்டில் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டேன். திரும்பும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்… டக்…

"உள்ள என்னமோ தட்டுதுங்க."

"ஐஸா இருக்கும்."

"ஐஸு இப்பிடி நின்னு நின்னா தட்டும்?"

 பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்; சாவி இருந்தது.

5.50. பெட்டியைத் திறந்தேன். பத்துப் புட்டிகள்.

பத்தாவதில் சீட்டு இல்லை. கழுத்தில் நீல நூல். இரண்டு முடிச்சு. அதைச் சுற்றி ஐஸ் உருகியிருந்தது. கையில் எடுத்தேன். அப்போதுதான் பீய்ச்சியது போன்ற சூடு.

"விஜயன், நீங்க வெச்சீங்களா?"

"சாவி உங்க கிட்டத்தானுங்களே இருக்குது!"

அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கோவையில் இருக்கிறாள். சீட்டும் இல்லை. தொட்டியில் கொட்டினேன். 6.00 மணிக்குக் கடைசி இருப்பைக் குழந்தைக்குக் கொடுத்தேன்.

8.00. அடுத்த வேளை. ஏதாவது மிச்சம் இருக்குமா என்று ஃப்ரீசரின் பூட்டைத் திறந்தேன். சோதனைக்காக உறைந்து நின்ற புட்டிகளுக்கு நடுவே ஒன்று… உறையாமல்.

நீல நூல். சூடு.

கொட்டினேன். டாக்டரிடம் கேட்டு மாவுப்பால் கொடுத்தேன்.

10.00. நான் இன்னும் பூட்டைத் தொடவில்லை. உள்ளேயிருந்து…

டக்… டக்…

திறந்தேன். மூன்றாவது.

கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. என் பையில் பேனா இருந்தது. ஒரே ஒரு சீட்டு. நானே எழுதியிருக்கலாம்.

எழுதவில்லை.

கொட்டினேன்.

என் பின்கழுத்தில் ஒரு மூச்சு. நீளமாக…

திரும்பினேன்.

யாரும் இல்லை.

அதன்பின் புட்டி வரவில்லை.

மறுநாள் காலை முத்துராஜ் வந்தார். மலை இறங்கும்போதே, கொண்டை ஊசி வளைவு ஒன்றில், ஆம்புலன்சிலேயே தெய்வம்மா இறந்துவிட்டாள். மதியம் 2.05. நான் ஜீப்பில் ஏறுவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் முன்பு.

அவளைக் குளிப்பாட்டிய நாத்தனார் வேலாயி, அடக்கம் முடிந்தபின் என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரி மிஸ்ஸி. பால் கட்டிக்கிட்டுல்ல இருக்கணும்? மாருல ஒரு சொட்டு இல்ல. யாரோ ஒட்டக் கறந்த மாதிரி வத்திக் கெடந்துச்சு."

அவள் போனபின் டியூட்டி நோட்டைத் திறந்தேன்: 5.50, 8.00, 10.00.

மாவுப்பால் கொடுத்த ஐந்தாம் நாள் குழந்தையின் வயிறு வீங்கியது. ஏழாம் நாள் இறந்தது. காரணம் குறைமாதம் என்றே டாக்டர் எழுதினார். முத்துராஜ் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வேலாயி அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். விஜயன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் அதே வங்கியில்தான் இருக்கிறேன். சீட்டு இல்லாத பாலை இன்றும் கொட்டத்தான் வேண்டும்.