இரண்டு நாள் பாக்கி

சர்டிபிகேட் வாங்கியதாலேயே ஒருவன் டிரைவர் ஆகிவிடமாட்டான் என்று எங்கள் சுரங்கத்தில் முதலில் எழுதிவைத்தவன் நான்தான். கரன்ட் வருவதற்கு முந்தைய காலம் அது. ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஏறி இறங்கும் கேஜ், மேலே நீராவி இன்ஜினை ஓட்டுகிறவர் கையில் இருந்தது. அந்த இரும்புக் கூண்டில் ஒரு தடவைக்கு எட்டுப் பேர். பரீட்சையில் தேறிய புது டிரைவர், ஆட்களை ஏற்றுவதற்கு முன் முப்பது நாள் கல்லை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும், பெரிய டிரைவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்றார் துரை. விதிகளை எழுதும் வேலை ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு வந்தது. எழுதுகிற உற்சாகத்தில் கடைசியாக ஒன்றை நானே சேர்த்தேன்: பயிற்சி முடிந்ததென்று கையெழுத்திடுபவர் முதல் கேஜில் தானும் இறங்க வேண்டும். பெரிய டிரைவரை நினைத்துத்தான் எழுதினேன். அவருக்கு எழுத வராது, ஆகவே கையெழுத்து என்னுடையது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

முதலில் பயிற்சிக்கு வந்தவர் என் தங்கையின் கணவர். கடைசி இரண்டு நாள் அவருக்குக் காய்ச்சல். கல்லை ஆட்களாகப் பாவித்து மெல்ல இறக்கி, அடியில் அதிராமல் நிறுத்திப் பழகுவது அந்த இரண்டு நாட்களில்தான். தங்கை வந்து நின்றாள்.

"ரெண்டு நாளுதானேண்ணா. அவருக்கு ஓட்டத் தெரியாதா இன்னா?"

முப்பது நாள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெரிய டிரைவர் நான் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட். ஏழு பேரோடு எட்டாவதாக நான் ஏறினேன். காலடிப் பலகையின் இடுக்கில் இருட்டு தெரிந்தது.

"இன்னா ரைட்டரய்யா, கீய ஆபீசு போடப் போறீங்களா?" என்றார் ஒருவர்.

"அவரு மச்சானை நம்பி வந்துகீறாரு," என்றார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர். "நாம யாரை நம்பி வந்துகீறோம்?"

"ரைட்டரய்யாவ நம்பித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். மேலே இன்ஜினுக்குச் சைகை கொடுக்க மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"மணி அடிக்காதீங்க," என்றேன். "எல்லாரும் எறங்குங்க. பயிற்சி ரெண்டு நாள் பாக்கி இருக்குது."

கையெழுத்திடும் அதிகாரத்தைத் துரை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். பொய்ச் சான்றுக்கு அதுதான் தண்டனை. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

"ஷிஃப்டே பாக்க மானத்த வாங்கிட்டீங்களே மச்சான்," என்றார் தங்கை கணவர். "பாலகாட் சுரங்கத்துப் பக்கம் வேலை கேட்டுக்கினு போறேன்."

போகவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பாமல் இரண்டு நாள் கல் இறக்கினார்.

மூன்றாம் நாள் சான்றில் கையெழுத்திட்டவர் உதவி இன்ஜினீயர். கேஜில் ஏற வேண்டியவரும் அவர்தான். நானும் போய் அவர் அருகில் நின்றேன்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு?" என்றார் வெற்றிலைக்காரர். "காகிதத்துல உங்க பேரு இல்லியே."

"தெரியும்," என்றேன்.

மணி அடித்தது. பலகை காலடியிலிருந்து நழுவுவதுபோல் இருந்தது. கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டார்.

"கம்பிய வுடுங்க ரைட்டரய்யா. வந்து சேந்து எவ்ளோ நேரம் ஆச்சு."