இரண்டு தண்ணீரில் வெந்த கிழங்கு

சின்னவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அக்கா கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்ப் பதினைந்து வருடமாகிறது, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மிஞ்சியது அவளும் அப்பாவும்தான் என்றாலும் அவள் இன்னும் சின்னவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மயிரிழை கூடினால் ஃபிரேமுக்குள் உட்காராது, குறைந்தால் நிற்காது. அந்தப் பொறுமையில் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் இப்படியெல்லாம் நடந்திருக்காது.

அப்பா பெயின்டராக இருந்தவர். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கிழங்கு'. சாரத்தின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் எந்த நாளும் உருளைக்கிழங்குதான். ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் யாரையும் விடமாட்டார். சன்னமாகச் சீவி, விளிம்பு கருகக் கருக வறுப்பார். வேகவைத்து, கையாலேயே உடைத்து, வெங்காயத்தோடு பிரட்டுவார். கூடவே ஒரு விளக்கவுரையும் நடக்கும். "கத்தியால நறுக்கினா கிழங்குக்குக் கோவம் வரும். கையால உடைச்சாத்தான் உப்பு உள்ள போகும்" என்பார். அம்மா சிரிப்பாள்.

அறுபத்தெட்டாம் வயதில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிரித்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முதல் வாரமே ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒருத்தி, சின்னப் பெண்தான், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். கிழங்கைப் பற்றி அதில் தெளிவாகவே இருந்தது: சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் இறங்குவதற்காகத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைக்கவும், வாரம் இரண்டு முறை, அரைக் கிண்ணம்.

சின்னவள் அதை நடைபாதையில் நின்றபடி படித்தாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து கால் இற்றுப்போயிருந்தது. இதில் ஒரு கிழங்கை இரண்டு தடவை யார் வேகவைப்பது? காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டதே அதுதான். "கிழங்கு?"

"தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்கப்பா."

அவர், "சரி, உசுரா கிழங்கா?" என்று சிரித்தார். அதோடு விட்டுவிட்டார். கெஞ்சியிருந்தால் அவளும் இரங்கியிருப்பாள். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. காய்கறிக் கடையில் கிழங்குக் கூடையைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போதெல்லாம் அவள், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். நாளாக ஆகச் சொல்வதுதான் கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவரைக் கூட்டிப்போக வந்தபோது, காத்திருக்கும் அறையில் ஒரே கூச்சல். கூச்சல் போட்டது அப்பாதான்.

"நர்ஸம்மா! இவரு கிழங்கு சாப்பிடறாரு! சீக்கிரம் வாங்க, தடுங்க!"

பக்கத்து நாற்காலியில், டயாலிசிஸுக்குப் புதிதாக வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கையில் டப்பாவோடு திருதிருவென்று விழித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தது உணவு ஆலோசகர்தான்.

"ஐயா, ரெண்டு தண்ணில வேகவச்சா கொஞ்சம் சாப்பிடலாமே. உங்களுக்கும் எழுதிக் குடுத்தேனே."

அப்பா மகளைப் பார்த்தார். சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே பேசினார்.

"என்னத்த எழுதினீங்களோ! எம்பொண்ணு படிக்காதவளா? புரியிற மாதிரி எழுதியிருந்தா அவ செய்யாம இருப்பாளா? எனக்காக உருகித் தேயிறா அவ. ரெண்டு வருஷத்த வீணாக்கிட்டீங்களேம்மா!"

அந்தப் பெண் சின்னவளிடம் வந்து, "மன்னிச்சிடுங்கக்கா, நான் சரியா விளக்கலை போல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சின்னவள் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கழுத்து கூசுகிறது.

பஸ்ஸில் வழிநெடுக அப்பா அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தார். இறங்கியதும் நேரே காய்கறிக் கடைக்குப் போய், கூடையைக் கிளறி, நாலு கிழங்கு பொறுக்கினார். மாலை வெயில் இன்னும் இருந்தது. சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தோல் சீவ ஆரம்பித்தார். இரண்டு வருடம் கழித்தும் தோல் சன்னமாகத்தான் வந்தது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அவ தெளிவாத்தான் எழுதியிருந்தா. நான் படிச்சேன்."

கத்தி நின்றது.

"அப்புறம்?"

"ரெண்டு தடவை வேகவைக்கணுமேன்னு அலுப்பா இருந்துச்சு. தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டு வருஷம்டி."

"தெரியும்பா."

"இன்னொரு தடவ அடுப்பு எரிஞ்சிருக்காதா?"

"எரிஞ்சிருக்கும். எனக்குத்தான் முடியல."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பாதி சீவிய கிழங்கு கறுத்துக்கொண்டிருந்தது. அன்றும் மறுநாளும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், கொடுத்த மாத்திரையை விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ண நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உன்னாலதான். நீ போய் அவகிட்ட உள்ளதச் சொல்லிட்டு வா."

சொன்னாள். அந்தப் பெண் மேசையிலிருந்த ஃபைல்களை ஒதுக்கினாள். "ரெண்டு நாளா என் ஃபைலையெல்லாம் எடுத்துப் பார்த்துட்டு இருந்தேன், இன்னும் யாருக்கெல்லாம் தப்பாச் சொன்னேனோன்னு" என்றாள். திட்டியிருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். அவர் நறுக்க, அவள் வேகவைத்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்தாள். கையால் உடைக்க ஒன்றுமில்லை, தானே குழைந்திருந்தது. மிளகுத்தூளும் வெங்காயமும் சேர்த்துப் பிரட்டிக் கொடுத்தாள். ஒரு வாய் போட்டு மென்றார்.

"சுண்ணாம்பத் தின்ன மாதிரி இருக்கு."

"வேணாம்னா வச்சிடுங்கப்பா."

"யாரு வேணாம்னா?" கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அடுத்த தடவ ரெண்டாவது தண்ணி கொதிச்சதும் எறக்கிடு. வறுத்துப் பாப்போம்."

வறுத்தும் பார்த்தார்கள். பாதி உடைந்து சட்டியில் ஒட்டியது, விளிம்பு மட்டும் கருகியது. அந்த விளிம்புகளைப் பொறுக்கித் தின்றார். இப்போது வியாழனும் ஞாயிறும் கிழங்கு நாள். அவர் பழையபடி பேசுகிறார், சிரிக்கிறார், ஆனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் கை நீட்டி வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தானே படிக்கிறார். அவர் படித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.