பால்சுறாவுக்கு ஒரு பதில்

அறுபத்துநாலில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் பரவிய சேதி: கடலோரக் கட்டுமாவடி மீனைக் கவர்மெண்டு ஆட்கள் எரித்தார்களாம், சாம்பல் இருட்டில் மினுங்கியதாம். கண்ணால் கண்டது யார் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். கடைசியாகக் காட்டப்பட்டவர் ஊரிலேயே இல்லை. சரி, கட்டுமாவடிக்கே போய்ப் பார்ப்போம் என்று பஸ் ஏறினேன்.

எரித்தது நிஜம். மினுங்கியது பொய்.

அந்த மீனை விற்றவள் சின்னப்பிள்ளை. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு கூடையைத் தலையில் ஏற்றி, அறந்தாங்கித் தெருக்களில் கூவி விற்கிறவள். கடலோரத்தில் புதுமாதிரி அணு உலை கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவுக்குத்தோப்பில் கூடாரம் போட்டிருந்தவர்கள் அவளிடம்தான் மீன் வாங்கி, சாம்பலாக்கி, டப்பாவில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். அவளுக்கு முதலில் பெருமைதான். பிறகு வாடிக்கைக்காரி ரஹீமா பீவியே கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேட்டாள்: "ஏன் சின்னப்பிள்ளை, ஒங் கூடைய வச்சா வீட்டுக்குக் கரண்டே வேணாமாமே?"

வியாபாரம் படுத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள். வீட்டில் மகள் சொர்ணவல்லி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பால் ஊறவில்லை. கடலோரத்தில் அதற்கு மருந்து பால்சுறாப் புட்டு. கூடாரத்தார் கடைசியாக எரிக்க வாங்கிப்போனதும் பால்சுறாதான்.

கூடாரத்தில் சாம்பல் சேகரிக்கும் கண்ணுசாமியைத் தேடி அவள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, பிள்ளை பெத்தவளுக்குச் சுறா கொடுக்கலாமா? ஆமா, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாதும்மா. அளக்கிறது வேற ஆபீஸ்."

"கெட்டுப்போன மீனுன்னுதானே எரிக்கிறீங்க?"

"இல்லம்மா, உலை வர்றதுக்கு முன்னாடியே சாம்பலாக்கி அளந்து வைக்கணும். அப்பத்தான் உலை வந்த பொறகு விஷம் கூடிருச்சான்னு தெரியும்."

"அப்ப, கூடும்னு தெரிஞ்சுதான் இங்கிட்டு வாறீங்க."

கண்ணுசாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"கூடுனா எங்களுக்கு யாரு சொல்லுவா?"

"எங்க இலாகாதான்."

"உலை கட்டுறது?"

"அதுவும் எங்க இலாகாதாம்மா. மேல ஒரு கமிட்டி இருக்கு."

"கமிட்டியில யாரு?"

"எங்க பெரியவங்கதான்."

மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டாரே விசாரித்து, தங்கமான பையன் என்று எழுதிக் கொடுக்கும் கல்யாணம். சண்டைக்கு இடமே இல்லை.

"ரிசல்ட் வந்ததும் நானே வந்து சொல்றேம்மா" என்றார் கண்ணுசாமி. நல்ல பிள்ளை. மனதாரத்தான் சொன்னார்.

"ஆத்தா, புட்டு அவிக்கலையா?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்றாள் சின்னப்பிள்ளை. குழந்தையின் அழுகை மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலை அதற்கு அழக்கூடத் தெம்பில்லை. அன்று சுறா வாங்கிப் புட்டு அவித்தாள். முதலில் தான் தின்றாள். வயிற்றில் கைவைத்தபடி வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு மகளுக்குக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பால் ஊறியது. "பய மடக்கு மடக்காக் குடிக்கிறான். ஒவ்வொரு மடக்கையும் நான் எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கேன்" என்றாள் சின்னப்பிள்ளை என்னிடம்.

கொஞ்ச நாளில் கூடாரத்தைப் பிரித்தார்கள். உலை வேறு கரைக்குப் போகிறதாம். ரஹீமா பீவி மறுபடி விலை பேசுகிறாள். பேரன் இப்போது மணலில் ஓடுகிறான். அவன் உடம்பு லேசாகச் சுட்டாலும் சின்னப்பிள்ளையின் கண் முதலில் சவுக்குத்தோப்புப் பக்கம்தான் போகும்.

கண்ணுசாமி தர வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. இன்னும் பாக்கி.