பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம்

கடைத்தெருவில் அவருக்கு 'பார்க்கலாம் சார்' என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தித் தரும் வேலை. "சாயங்காலத்துக்குள்ள கிடைக்குமா?" என்று யார் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். நாலு மணிக்கே கண்ணாடி துடைத்துத் தயாராக இருக்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கு இது தெரியும். கண்ணாடிக் கடைக்காரர் பார்க்கலாம் என்று சொல்லாமல் கேட்கலாம் என்றா சொல்வார் என்று பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அந்த வார்த்தை அப்பாவிடமிருந்து தொற்றியது. அப்பா வாயில் 'சரி' என்று வந்ததே கிடையாது. சைக்கிள் கேட்டால் பார்க்கலாம். மறுவாரம் சைக்கிள் வாசலில் நிற்கும். சரி என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, அப்புறம் முடியாமல் போனால் அசிங்கம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அவருக்கு முப்பத்தெட்டு வயதில் அவள் வந்தாள். மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தத் தாளைப் படிப்பதுதான் அவள் வேலை. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். அவளை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். சுவரில் மாட்டிய அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு அவள் சொன்னாள்: "சார், நாலாவது வரியில ஒரு எழுத்து சாஞ்சு அச்சாகியிருக்கு."

பதினாறு வருடமாக அந்த அட்டையோடு குடித்தனம் நடத்துபவர் அவர். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. மனுஷர் அங்கேயே விழுந்துவிட்டார், ஸ்டூலிலிருந்து இல்லை.

பத்து நாளில் அவள் திரும்பி வந்தாள். காதுக்குப் பின்னால் இறுக்குகிறதாம். அடுத்த வாரம் மூக்கில் அழுந்துகிறதாம். அதற்கும் அடுத்த வாரம் எழுத்து லேசாக ஆடுகிறதாம். ஆடாத எழுத்துக்கு அவர் மறுபடி பரிசோதனை செய்தார். நன்றாக இருந்த ஸ்குரூவைக் கழற்றித் திரும்ப முடுக்கினார். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதும் சுகமாகத்தான் இருந்தது. பிறகு சாக்கெல்லாம் தீர்ந்துபோய், மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வர ஆரம்பித்தாள். "வாய் உலர்தல், பசியின்மை, காரணமில்லாத சிரிப்பு" என்று மருந்துத் தாள் படிக்கிற குரலில் தன் நிலைமையை ஒப்பிப்பாள். இப்படி நாலு மாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். படியில் நின்றுகொண்டு அவள் சட்டென்று கேட்டாள்: "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அதைக் கேட்க அவள் எத்தனை நாள் மனதைத் தேற்றியிருப்பாள்! அவருக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷத்தில் நாக்கு புரளவில்லை. புரண்டபோது பழகிய வார்த்தைதான் வந்தது.

"பாக்கலாம்" என்றார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்கு ஓடி, அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அவரும் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் ஓரம் மேஜை போட இடம் இருந்தது. அவள் உட்கார்ந்து படிக்க வெளிச்சம் போதுமா என்று கையிலிருந்த செய்தித்தாளை விரித்துப் பார்த்தார். தாராளமாகப் போதும்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்குகிறாள் என்று இருந்தார். மூன்றாவது வாரம் அச்சகத்துக்கே போனார். வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டாள் என்றார்கள். மனம் மாறிவிட்டாள் போலிருக்கிறது என்று திரும்பி நடந்தார். அவளுடைய பரிசோதனை அட்டையில் ஃபோன் நம்பர் இருந்தது. கண்ணாடி தயார் என்று சொல்ல வாங்கிய நம்பரை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று ஒரு வீம்பு. வீம்பாவது மண்ணாவது, பயம். நம்பர் மனப்பாடமே ஆகிவிட்டது, ஒருதரம்கூடப் போடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வருகிறது. கேட்கிற நமக்கே வருகிறதே!

பன்னிரண்டு வருடம் போனது. அவருக்கு ஐம்பது ஆனது. ஒரு நாள் காலை கடைக்குள் அவள் வந்து நின்றாள். காதோரம் நரை. அக்கா வீட்டுப் பக்கமாக இருக்கலாம் என்று தனியாகத் திரும்பி வந்துவிட்டாளாம்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும் சார்."

"உட்காருங்க" என்றார். அவள் போட்டிருந்த கண்ணாடியை வாங்கி மெஷினில் வைத்தார். வேறு யாரோ செய்த வேலை. லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக இல்லாமல் விலகிக் கிடந்தது.

"இதப் போட்டா தலை வலிக்குமே."

"வலிக்கும். சாயங்காலம் ஆனா நெத்தி தெறிச்சிரும்."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமா."

"ஏங்க யார்கிட்டயும் சொல்லல?"

"வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் கையால் செய்திருந்தால் ஒரு நாள்கூட வலித்திருக்காது. அப்புறம் கேட்டார்: "அன்னிக்கு ஏன் போயிட்டீங்க?"

"நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களே."

"நானா? பாக்கலாம்னுதானே சொன்னேன்!"

"அதத்தான் சொல்றேன்."

அவள் அப்பாவும் 'முடியாது' என்று வாயால் சொன்னதில்லையாம். மேல்படிப்பு, பள்ளிக்கூடச் சுற்றுலா, அக்கா ஆசைப்பட்ட பாட்டு வகுப்பு, எதைக் கேட்டாலும் பார்க்கலாம். அத்தோடு அந்தப் பேச்சு சமாதி. மறுபடி கேட்டால் வீட்டில் நாலு நாள் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் இவரிடமும் அவள் மறுபடி கேட்கவில்லை. நாள் பூராவும் தெளிவா, தெளிவா என்று ஊரைக் கேட்கிறவர், அன்று ஒருதரம் தெளிவாகப் பேசித் தொலைத்திருக்கலாம்.

"அந்த ஞாயித்துக்கிழமை வீடு பாத்தேங்க" என்றார். "ஜன்னல் ஓரமா, உங்களுக்குப் படிக்க வெளிச்சம் போதுமான்னு..." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதுக் கண்ணாடியை அவரே செய்து கொடுத்தார். மூன்றாம் நாள், தலைவலி போன இடம் தெரியவில்லை என்று சொல்ல வந்தாள். பழையபடி மதியங்களில் வந்தாள். இந்தத் தடவை அவர்தான் கேட்டார், கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி.

"பாக்கலாம்" என்றாள் அவள்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உங்க வீட்டுப் பாக்கலாமா, எங்க வீட்டுப் பாக்கலாமா?"

"உங்க வீட்டுதுதான்."

மூன்று மாதத்தில் நிச்சயம். அக்கா வீட்டு முன்னறையில் எட்டே பேர். மோதிரம் மாற்றிக்கொண்டதும் அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் பேச்சை லேசாக்க நினைத்து, "ரெண்டு பேருக்கும் எத்தனை நாள் பழக்கம்?" என்று கேட்டார்.

"பன்னெண்டு வருஷம்" என்றார் இவர்.

"ஏழு மாசம்" என்றாள் அவள், அதே நேரத்தில்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அப்ப நாலு, இப்ப மூணு. அவ்வளவுதாங்க நம்மகிட்ட இருக்கு."